கோடைத் தொடக்கத்தில் ஏரிக்கரை நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்சென்னையில் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் விடியற்காலையில் பறவை பார்க்கப் போகிறவர்களோடு சேர்ந்து நடப்பது என் வழக்கம். மாசிக் கடைசியிலிருந்து சித்திரை முடியும்வரை புதிதாக வருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதிப் பதிலும் கொடுத்திருக்கிறேன். சென்னையை வைத்துச் சொன்னாலும், ஏரி, குளம், கண்மாய் இருக்கிற எந்த ஊருக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

சீசன்தான் முடிஞ்சு போச்சே, இப்பப் போய் என்ன பார்க்கிறது?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடக்கிலிருந்து வரும் வாத்துகளும், சேற்றோரம் இரை தேடும் உள்ளான்களும் நிறைந்திருக்கும். அதைத்தான் சீசன் என்கிறோம். ஆனால் மார்ச், ஏப்ரலில் நடப்பது அதைவிடச் சுவாரசியமானது என்பது என் கருத்து. கிளம்பப் போகும் பறவைகள் இனப்பெருக்கக் கால வண்ணத்துக்கு மாறும். குளிர்காலம் முழுக்கச் சாம்பலாகத் திரிந்த கறுப்புவால் மூக்கனின் கழுத்தும் நெஞ்சும் செங்கல் நிறமாகும். மீசை ஆலாவுக்குத் தலையில் கறுப்புத் தொப்பி ஏறும், வயிறு கருக்கும். வாத்துகளில் நீலச்சிறகி கடைசியாகத்தான் கிளம்பும், அதனால் ஏப்ரலிலும் சில கண்ணில் படும்.

இன்னொரு பக்கம், இங்கேயே வாழும் பறவைகள் குடும்பம் நடத்தத் தொடங்குவதும் இப்போதுதான். ஊருக்கு ஊர் கணக்கும் மாறும். வேடந்தாங்கலில் மார்ச்சோடு கூட்டம் குறைந்துவிடும். திருநெல்வேலி கூந்தன்குளத்திலோ கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கோடையிலும் குஞ்சுகளுக்கு இரை கொடுத்துக்கொண்டிருக்கும், அதுவும் ஊருக்குள் வீட்டோர மரங்களில்.

எனக்குக் காக்கா, குருவி தவிர எதுவுமே தெரியாது. பைனாகுலரும் இல்ல. வரலாமா?

தாராளமாக வரலாம். நீலத் தாழைக்கோழி, நெடுங்கால் உள்ளான், கூழைக்கடா, பூநாரை எல்லாம் வெறும் கண்ணுக்கே தெரியும் அளவுக்குப் பெரியவை அல்லது பளிச்சென்றவை. முதல் நாளில் ஐந்து பறவையைச் சரியாகப் பார்த்துப் பழகினால் போதும். பெயர்ப் பட்டியலை நீட்டுகிற அவசரம் வேண்டாம்.

ஒரு பறவையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் அதையே பாருங்கள். நீலத் தாழைக்கோழி சம்புத் தண்டை ஒடித்து, காலால் பிடித்துத் தூக்கி, உள்ளே இருக்கும் வெள்ளைக் குருத்தை உரித்துத் தின்னும். கையில் கரும்பு பிடித்துச் சாப்பிடுகிற குழந்தை போலவே இருக்கும். அதை ஒருமுறை பார்த்துவிட்டால் பெயர் தானாக மனதில் நின்றுவிடும்.

பள்ளிக்கரணைக்குள்ள இறங்கி நடக்க விடுவாங்களா?

விடமாட்டார்கள், நாமும் இறங்கக் கூடாது. 2007-ல் சதுப்புநிலத்தின் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. சட்டத்தைத் தள்ளிவைத்தாலும், கால் வைத்தால் இடுப்புவரை புதையக்கூடிய சேறு அது.

வனத்துறையின் சூழலியல் பூங்காவில் நடைபாதை இருக்கிறது. சதுப்பை ஊடறுத்துப் போகும் துரைப்பாக்கம் ரேடியல் சாலையோரத்திலிருந்தும், பெரும்பாக்கம் பக்கமிருந்தும் நன்றாகவே பார்க்கலாம். ஆனால் ரேடியல் சாலையில் வண்டிகள் பறக்கும். குழந்தைகளைக் கூட்டிவந்தால் பூங்காதான் சரி.

சொந்த ஊர் ஏரி என்றால் ஒரு யோசனை. நம் ஏரிகள் கரையோரம், மதகுப் பக்கம் ஆழமாகவும், எதிர்ப்பக்கம் போகப் போக மேடேறியும் இருக்கும். எல்லோரும் கரைமேல் நின்று ஆழத்தண்ணீரைப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று திரும்பிவிடுகிறார்கள். பறவைகள் இருப்பது எதிர்ப்பக்கம், தண்ணீர் மெலிந்து சேறாகும் உள்வாயில். சுற்றிக்கொண்டு அங்கே போங்கள்.

எத்தனை மணிக்கு வரணும்? சாயங்காலம் வந்தா ஆகாதா?

ஏப்ரலில் சென்னையில் ஆறு மணியை ஒட்டிச் சூரியன் உதிக்கும். அதற்குள் இடத்தில் இருந்தால் நல்லது. எட்டரை மணிக்கு மேல் வெயிலும் ஏறும், தண்ணீருக்கு மேல் கானல் அலையடித்து எந்தப் பறவையும் தெளிவாகத் தெரியாது. சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். இல்லாவிட்டால் எல்லாமே கறுப்பு நிழலாகத்தான் தெரியும்.

சாயங்காலமும் வரலாம், ஐந்து மணிக்கு மேல். காலையில் பார்க்க முடியாத ஒன்று அப்போது கிடைக்கும்: பகலெல்லாம் மரத்தில் தூங்கிய வக்கா, இருட்டத் தொடங்கும்போது கரகரத்த குரலோடு இரை தேடக் கிளம்பும்.

என்ன எடுத்துட்டு வரணும்?

தண்ணீர், தொப்பி, பாதத்தை முழுக்க மூடும் ஷூ. மங்கலான நிறத்தில் முழுக்கைச் சட்டை. வெள்ளையும் பளீர் மஞ்சளும் வேண்டாம். சென்ட் போட்டுக்கொண்டால் கொசு குறையும் என்று சிலர் சொல்வார்கள், குறையாது.

பைனாகுலர் வாங்கினா எது வாங்கலாம்? கடைக்காரர் 20 மடங்கு பெரிசா தெரியும்னு சொல்றார்.

8×42 வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது எண் முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். மடங்கு கூடக் கூட, கை நடுக்கமும் அதே மடங்கில் பெரிதாகும், பார்வைக்குள் வரும் பரப்பும் சுருங்கும். 20 மடங்கை ஸ்டாண்டு இல்லாமல் பிடித்துப் பார்ப்பது சிரமம். 42 மில்லிமீட்டர் விட்டம் விடியற்கால மங்கல் வெளிச்சத்துக்குப் போதும்.

எல்லாமே வெள்ளைக் கொக்காத்தான் தெரியுது. எப்படிப் பிரிக்கிறது?

அலகையும் காலையும் பாருங்கள். கறுப்பு அலகு, கறுப்புக் கால், விரல்கள் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக்கொக்கு. நடக்கும்போது மஞ்சள் சாக்ஸ் போட்டதுபோல் பளிச்சென்று தெரியும். மாட்டுக்குப் பின்னால் புல்தரையில் திரிவது உண்ணிக்கொக்கு, மஞ்சள் அலகு, குட்டைக் கழுத்து. நெடிய கழுத்து நடுவில் ஒடிந்ததுபோல் வளைந்திருந்தால் பெரிய கொக்கு.

கோடையில் இதில் ஒரு சிக்கல் வரும். குளிர்காலத்தில் மஞ்சளாக இருக்கும் பெரிய கொக்கின் அலகு, இனப்பெருக்கக் காலத்தில் கறுத்துவிடும். அலகை மட்டும் பார்த்து அதைச் சின்னக்கொக்கு என்று எழுதிவிடுகிறவர்கள் நிறைய. ஆகவே கழுத்தையும் உயரத்தையும் சேர்த்தே பாருங்கள்.

ஒரு கொக்குக்குத் தலையில மஞ்சள் தடவின மாதிரி இருக்கே, யாராவது சாயம் பூசிட்டாங்களா?

மேலே சொன்ன உண்ணிக்கொக்குதான் அது. இனப்பெருக்கக் காலத்தில் தலை, கழுத்து, முதுகு மூன்றும் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறமாகும். மண்ணோடு மண்ணாகத் தெரியும் மடையானுக்கும் இந்த நாட்களில் முதுகு கரும்சிவப்பாக மாறும், தலையில் நீண்ட வெள்ளை இறகுகள் தொங்கும். இரண்டும் சித்திரையில் பார்க்க அவ்வளவு அழகு.

ஏரி வத்திக்கிட்டே போகுதே, பாவம், பறவைங்க பட்டினி கிடக்காதா?

இந்தக் கேள்வி வராத நடையே கிடையாது. உண்மையில் வற்றும் காலம் நிறையப் பறவைகளுக்கு விருந்து. ஏரி முழுக்கப் பரவியிருந்த மீன், நத்தை, புழு எல்லாம் சுருங்கிய தண்ணீருக்குள் நெருக்கியடித்து நிற்கும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். இரவில் பாசியும் நீர்ச்செடிகளும் இருப்பதையும் இழுத்துக்கொள்ளும். அதனால் விடியும்போது மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். கொக்கும் நாரையும் அந்த நேரம் பார்த்து வந்து நிற்கும்.

மஞ்சள் மூக்கு நாரை எப்படி மீன் பிடிக்கிறது என்று கவனியுங்கள். பாதி திறந்த அலகைத் தண்ணீருக்குள் விட்டு இடமும் வலமும் வீசிக்கொண்டே நடக்கும். காலால் சேற்றைக் கிளறி மீனைக் கிளப்பும். ஏதாவது அலகில் பட்ட மறுகணம் கவ்விவிடும். கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கு வேலையில்லை, தொட்டுணர்ந்தே பிடிக்கிறது. நத்தை குத்தி நாரை சேற்றில் நத்தையைத் துழாவி எடுக்கும். வளர்ந்த பறவையின் அலகு நடுவில் இடைவெளி விட்டு வளைந்திருக்கும், இளம் பறவைக்கு அந்த இடைவெளி இருக்காது.

முழுக்க வற்றிவிட்டால் பறவைகள் அடுத்த ஏரிக்குப் போகும். நம் முன்னோர் ஏரிகளைச் சங்கிலித் தொடராக வெட்டி வைத்ததால் அடுத்தது எப்போதும் பக்கத்தில் இருந்தது. அந்த அடுத்த ஏரி இன்னும் இருக்கிறதா என்பதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

ஒரு பறவை தலைக்கு மேல கத்திக்கிட்டே சுத்துது. கொத்திடுமா?

அது ஆள்காட்டி. கொத்தாது. ஆனால் அப்படியே நில்லுங்கள், அடுத்த அடி வைக்காதீர்கள். அதன் முட்டையோ குஞ்சோ உங்கள் காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

ஆள்காட்டி கூடு கட்டாது. காய்ந்த ஏரித் தரையில் லேசான குழி, சுற்றிலும் நாலு கூழாங்கல், நடுவில் பெரும்பாலும் நான்கு முட்டை. மண் நிறத்தில் கறுப்புத் திட்டுகளோடு, கூர்முனைகள் நான்கும் உள்பக்கம் பார்த்தபடி இருக்கும். இரண்டடி தள்ளி நின்றாலும் கண்ணுக்குத் தட்டாது. பங்குனி வெயிலில் அந்தத் தரையில் வெறுங்காலை வைக்க முடியாது, முட்டை என்ன ஆகும்? தாயும் தகப்பனும் மாறி மாறித் தண்ணீருக்குப் போய், வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்கார்ந்து சூட்டைத் தணிக்கின்றன. நீங்கள் பக்கத்திலேயே நின்று போட்டோ எடுத்தால் அவை திரும்பி வர முடியாது, முட்டை வெந்துவிடும்.

வந்த வழியிலேயே, வைத்த அடியிலேயே காலை வைத்துத் திரும்புங்கள். கத்தல் குறைந்தால் சரியான திசையில் போகிறீர்கள். நெடுங்கால் உள்ளானும் சேற்று மேட்டில் இப்படித்தான் முட்டையிடும், அதுவும் இதே மாதிரி கத்தும்.

இலை மேல நடக்கிற அந்த நீளவால் பறவை என்ன? கால் ஏன் சேத்துல போகல?

நீளவால் இலைக்கோழி. விரல்களும் நகங்களும் மிக நீளமாக இருப்பதால் எடை பரவிவிடும், அல்லி இலை அமிழாது. குளிர்காலத்தில் இதற்கு அந்த வால் கிடையாது. கோடை பிறக்கும்போதுதான் கருநிற வால் நீளும், பின்கழுத்தில் பொன்நிறம் மின்னும்.

இதில் பெண்தான் பெரியது. ஒரு பருவத்தில் பல ஆண்களோடு சேர்ந்து, முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பது தகப்பன் பொறுப்பு. தண்ணீர் ஏறினாலோ ஆபத்து வந்தாலோ முட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்தும்.

நீர்க்காகம் வாயைத் திறந்து வச்சு தொண்டை நடுங்குதே, நோயா?

நோயில்லை. பறவைகளுக்கு வியர்க்காது. தொண்டைத் தோலை வேகமாக அதிரவிட்டு, ஈரத்தை ஆவியாக்கி உடம்பைக் குளிர்வித்துக்கொள்கின்றன. கூழைக்கடாவும் இதையே செய்யும். நீர்க்காகம் இறக்கையை விரித்து நிற்பது மட்டும் வேறு காரணத்துக்காக: முக்குளித்ததில் நனைந்த இறகைக் காயவைக்கிறது.

பாம்பு இருக்குமா?

இருக்கும். நீங்கள் அதிகம் பார்ப்பது தண்ணீர்ப்பாம்பு. விஷமில்லை, ஆனால் பிடித்தால் கடிக்கும். புதரோரத்தில் கண்ணாடி விரியனும் உண்டு, அதற்கு விஷம் அதிகம். ஷூ போடச் சொல்வது இதற்காகத்தான். புல்லுக்குள் கால் வைக்குமுன் பார்த்து வையுங்கள், கரையோரக் கற்குவியலில் உட்காராதீர்கள்.

யாரையாவது கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, வாய்வைத்து உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை ஓடவோ நடக்கவோ விடாமல், 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

பறவை தவிர வேற என்ன பார்க்கலாம்?

கீரி, உடும்பு, பலவகைத் தட்டான்கள். வற்றும் ஏரியில் பாலாமை தென்படலாம். தண்ணீர் தீரும்போது சேற்றுக்குள் புதைந்து மழைவரை காத்திருக்கும். தரையில் ஊர்ந்து போவதைப் பார்த்தால் தூக்கி வேறிடத்தில் விட வேண்டாம், அதற்கு வழி தெரியும். யாராவது பிடித்து விற்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற உயிர் அது.

வலசைப் பறவை எல்லாம் போயிருக்கணுமே, மே மாசத்துலயும் சில உள்ளான் நிக்குதே. அடிபட்டதா?

பெரும்பாலும் இல்லை. கரையோரப் பறவைகளில் பல இனங்கள் முதல் வருடமே இனப்பெருக்கம் செய்வதில்லை. போன கோடையில் பிறந்த இளசுகளுக்கு வடக்கே போய் ஆக வேண்டிய வேலை எதுவும் கிடையாது, பல ஆயிரம் கிலோமீட்டர் பறப்பது வீண். அதனால் கோடையை இங்கேயே கழித்துவிடுகின்றன. முதல் கேள்வியில் சொன்ன புது வண்ணம் இவற்றிடம் சரியாக ஏறியிருக்காது என்பதை வைத்து அடையாளம் காணலாம்.

இன்னும் கிட்டப் போய் போட்டோ எடுக்கலாமா? போன்ல குரல் போட்டா வருமாமே?

மேய்ந்துகொண்டிருக்கும் பறவை தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தால், அதுதான் எல்லை. அங்கேயே நில்லுங்கள். அது மறுபடி குனிந்து மேயத் தொடங்கினால் இருவருக்கும் சம்மதம். மார்ச், ஏப்ரலில் இது இன்னும் முக்கியம். கொசு உள்ளான் உள்ளங்கைக்குள் அடங்கும் பறவை, ஆர்க்டிக் வரை பறக்க வேண்டியது. இந்த வாரங்களில் சேர்க்கும் கொழுப்புதான் அதற்கு எரிபொருள். கூட்டத்தைக் கிளப்பிவிட்டுப் படமெடுப்பவர் அந்த எரிபொருளைத் திருடுகிறார்.

குரலை ஒலிக்கவிட வேண்டாம். போட்டிக்கு வேறு ஆண் வந்துவிட்டதென்று அடைகாப்பதை விட்டு வரும். ட்ரோனும் வேண்டாம். கூட்டின் படத்தை இடம் சொல்லிப் போடவும் வேண்டாம்.

குஞ்சு ஒண்ணு தனியா நிக்குது. எடுத்துட்டுப் போய் வளர்க்கலாமா?

கூடாது. ஆள்காட்டி, உள்ளான் குஞ்சுகள் பொரித்த சில மணி நேரத்திலேயே நடக்கும். பெற்றோர் எச்சரித்தால் அசையாமல் உறைந்து நிற்கும். அநாதையாக நிற்கவில்லை, உங்களுக்குப் பயந்து நிற்கிறது. நீங்கள் விலகினால் தாய் வந்துவிடும். ரத்தமோ தொங்கும் இறக்கையோ இருந்தால் வனத்துறையைக் கூப்பிடுங்கள்.

பள்ளிக்கரணையில இவ்ளோ பறவை இருக்கே, அப்போ தண்ணி நல்லாத்தானே இருக்கு?

எண்ணிக்கையை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. கழிவுநீர் கலந்த சேற்றில் சில வகைப் புழுக்கள் ஏராளமாகப் பெருகும், அதைத் தின்ன நெடுங்கால் உள்ளான் நூற்றுக்கணக்கில் வரும். பெருங்குடி குப்பைமேட்டை ஒட்டி உண்ணிக்கொக்கும் பருந்தும் குவிவதும் இப்படித்தான். அவை இருப்பது இடம் நலமாக இருப்பதற்குச் சான்று ஆகாது.

எத்தனை வகைப் பறவை, அவற்றில் எவை கூடு கட்டுகின்றன என்று பாருங்கள். முக்குளிப்பான் குஞ்சை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தினால், இலைக்கோழி அல்லியின்மேல் முட்டையிட்டால், அந்த மூலையில் தண்ணீரும் செடியும் மீனும் இன்னும் தாக்குப்பிடிக்கின்றன. இந்தச் சதுப்பின் நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், கோவளம் முகத்துவாரத்துக்கும் போகிறது. அந்த வழியில் கட்டடங்கள் ஏற ஏற, மழைக்காலத்தில் வெள்ளம் வீட்டுக்குள் வருகிறது. பறவை பார்க்க வருகிறவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஏரியை நல்லா ஆழமா தூர்வாரி, சுத்தி நடைபாதை போட்டா பறவைக்கும் நல்லதுதானே?

நல்ல எண்ணத்தில் செய்யப்படும் பெரிய கெடுதல் இது. மூன்றாவது பதிலில் சொன்ன ஏரியின் சரிவை நினைத்துப் பாருங்கள். கொசு உள்ளானுக்கு ஓரிரு விரற்கடைத் தண்ணீர், நெடுங்கால் உள்ளானுக்கு ஒரு சாண், நாரைக்கு ஒரு முழம், வாத்துக்கு அதற்கு மேல். ஒரே சரிவில் இத்தனை பேருக்கும் இடம் இருக்கிறது. ஏரியைச் சட்டி மாதிரி நாலு பக்கமும் செங்குத்தாகத் தோண்டிவிட்டால் கால் ஊன்ற இடமில்லாமல் நடக்கும் பறவைகள் எல்லாம் போய்விடும், நீர்க்காகமும் சில வாத்துகளும்தான் மிஞ்சும்.

தூர்வாரவே கூடாது என்று சொல்லவில்லை. வண்டல் மண்ணைக் கோடையில் அள்ளி வயலுக்கு அடிப்பது நம் ஊர் வழக்கம், ஏரிக்கும் வயலுக்கும் நல்லது. கரைப்பக்கம் எடுங்கள், உள்வாயின் சரிவை விட்டுவையுங்கள். நடுவில் கருவேலம், கடம்பு நிற்கும் திட்டு இருந்தால் அதைத் தொடாதீர்கள், கூடு கட்டும் பறவைகளுக்கு அதுதான் வீடு. பொக்லைன் இறங்குமுன் ஆள்காட்டி முட்டை இருக்கிறதா என்று ஒருவர் பார்த்து, குச்சி நட்டு அடையாளம் வைக்கலாம். முட்டை பொரிய நாலு வாரம் போல ஆகும். அந்தத் துண்டை மட்டும் கடைசியில் வெட்டினால் யாருக்கும் நஷ்டமில்லை.

பார்த்ததை எங்கே எழுதி வைக்கிறது?

முதலில் ஒரு நோட்டில்: தேதி, நேரம், இடம், எண்ணிக்கை, தண்ணீர் எவ்வளவு இருந்தது. பிறகு, பறவை பார்ப்பவர்கள் தங்கள் பதிவுகளைச் சேர்க்கும் இபேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றுங்கள். எதுவும் வரவில்லை என்றாலும் எழுதுங்கள். தெரியாத பறவையை ஊகித்துப் பெயரிடாமல் ‘உள்ளான் வகை’ என்று விட்டுவிடுவது நல்லது.

எங்க ஊர் ஏரி ஏற்கெனவே காஞ்சு பொட்டலா கெடக்கு. அங்க நடந்து பிரயோஜனம் உண்டா?

உண்டு. காய்ந்த ஏரித் தரைக்கென்றே பறவைகள் இருக்கின்றன. வானம்பாடி, நெட்டைக்காலி, கௌதாரி, உப்புக்கொத்தி எல்லாம் அங்கேதான். அதிர்ஷ்டம் இருந்தால் கல்குருவியும் தென்படும். கொஞ்ச தூரம் ஓடும், சட்டென்று நிமிர்ந்து நிற்கும், மறுபடி ஓடும். நின்றுவிட்டால் மண்ணில் தேடிக் கண்டுபிடிப்பது கடினம், ஓடும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

போவதற்கு முதல் நாள் அங்கே ஆடு மேய்க்கிறவரிடம் பேசிவிட்டுப் போங்கள். எந்தப் பள்ளத்தில் இன்னும் ஈரம் இருக்கிறது, ஆள்காட்டி எந்தப் பக்கம் கத்துகிறது என்று அவருக்குத் தெரியும். ஈரமுள்ள பள்ளத்துக்கு விடியுமுன் போய் இருபதடி தள்ளி உட்காருங்கள். ஆள்காட்டி கத்தும் பக்கத்தைச் சுற்றிக்கொண்டு போங்கள்.